குசுகாக் வானொலிக்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் வடக்கே, அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் ஆட்சிப்பகுதியாக நுனாவுட் பிறந்த கதையைச் சென்ற இதழில் படித்தேன். 1993 நில உரிமை உடன்படிக்கையும், நுனாவுட் உருவான 1999 ஏப்ரல் 1-ம் விரிவாக வந்திருந்தன. ஆனால் ஜோசி குசுகாக்குக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘இனுயிட் அரசியல் தலைவர்’. அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அரசியல் தலைவராவதற்கு முன்பு, 1980-களில், இன்றைய நுனாவுட்டில் உள்ள ரேங்கின் இன்லெட் ஊரில், கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் வானொலியை நடத்தியவர் அவர். 1950-ல் நௌயாட் பகுதியில் பிறந்தவர். சிறுபிள்ளையாக இருந்தபோதே விமானத்தில் ஏற்றி, செஸ்டர்ஃபீல்ட் இன்லெட்டில் இருந்த கத்தோலிக்க உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பாடமெல்லாம் ஆங்கிலத்தில். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து தன் மொழியின் எழுத்தையே ஒழுங்குபடுத்தினார்.

அவருடைய தாய்மொழியான இனுக்டிடூட்டின் அசையெழுத்தில் ஒரு மெய்க்கு ஒரு வடிவம். அந்த வடிவத்தை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கேற்ப உயிர் மாறும். பாதிரிமார் கொண்டுவந்த முறை இது. ஊருக்கு ஊர் எழுதும் வழக்கமும் வேறுபட்டது. குசுகாக் முன்னின்ற மொழி ஆணையம் 1976-ல் பொதுமுறை ஒன்றை வகுத்தது. தட்டச்சுப்பொறியில் இடம் போதாமல் ‘ஐ’ வரிசையைக் கைவிட வேண்டியிருந்தது. ஒரு வரிசையையே இழக்கச் சம்மதிப்பது லேசான காரியமா? இந்த வேலையைச் செய்தவர் அடுத்து ஒலிவாங்கியின் பக்கம் போனதில் எனக்கு வியப்பே இல்லை. எழுதும் மொழிக்கும் பேசும் மொழிக்கும் ஒருசேர உழைத்தவர் அவர்.

அந்தக் காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1972-ல் கனடாவின் அனிக் என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அனிக் என்பது இனுக்டிடூட் சொல், சகோதரன் என்று பொருள். ஆனால் அதன் வழியே வீட்டுக்குள் வந்த தொலைக்காட்சி தெற்கிலிருந்து வந்தது, ஆங்கிலம் பேசியது. இக்லூலிக் என்ற இனுயிட் ஊரார் வாக்கெடுப்பு நடத்தி, ஒன்றுக்கு இரண்டு தடவை அதை வேண்டாம் என்றார்கள். அவரைப் போலவே சிபிசி வானொலியில் பணியாற்றிய ரோஸ்மேரி குப்தானா என்ற இனுயிட் பெண்மணி, அந்தத் தொலைக்காட்சியை நியூட்ரான் குண்டுக்கு ஒப்பிட்டார்: கட்டடங்கள் நிற்கும், மனிதர்கள் அழிவார்கள். வானொலியிலோ 1960-லிருந்தே இனுக்டிடூட் ஒலித்தது. வீட்டுக்குள் தாய்மொழி பேசிய பெட்டி அதுதான்.

அந்த உடன்படிக்கையின் கீழ் இனுயிட் மக்களின் சார்பில் செயல்படும் நுனாவுட் டுங்காவிக் அமைப்பின் தலைவராக, 1994-லிருந்து நுனாவுட் பிறக்கும்வரையிலும் அதற்குப் பின்னும் குசுகாக் மக்களிடம் பேசினார். கேட்டவர்களுக்கு அது புதுக்குரல் அல்ல. வானொலியில் பழகிய குரல். உங்கள் கட்டுரையில் விடுபட்டது இதுதான்.

2011 ஜனவரியில் காலமானபோது அவருக்கு வயது 60. அவருடைய வானொலி ஆண்டுகளைப் பற்றி உங்கள் இதழ் தனியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டும். அதுவரை, அவர் பெயர் வரும் இடத்தில் ‘ஒலிபரப்பாளர்’ என்ற சொல்லையும் சேர்த்து அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ