ஆறு ஞாயிறும் கூட நின்றவர்களுக்கு நன்றி

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளாக நடந்த மனித உரிமைப் பயிற்சி போன வாரம் முடிந்தது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல ஆசைதான். நடவு நேரம், கழனியை விட்டு நகர முடியவில்லை.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்த வக்கீல் அக்காவுக்கு முதல் நன்றி. "ஸ்டேஷன் வாசலை மிதித்தவர்கள் எத்தனை பேர்?" என்றுதான் அவர் ஆரம்பித்தார். ஏழு கை உயர்ந்தது. சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீதோடு திரும்பியவர் யாருமில்லை. எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும், போட மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், சாட்சி விசாரணைக்குப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லாமல் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாம் வாரம் நடித்துப் பார்த்தோம். வரப்புத் தகராறில் புகார் கொடுக்கப் போய், சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய எங்கள் அப்பத்தா எழுந்தார். இன்ஸ்பெக்டராக உட்கார்ந்திருந்த பேத்தியிடம், "சி.எஸ்.ஆர். ரசீது குடுங்க சார், அப்புறம்தான் போவேன்" என்றார். குரல் நடுங்கியது, ஆனால் நகரவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, மேலவளவு பற்றி நீங்கள் பேசிய அன்று கூடமே அமைதியாக இருந்தது. தனித்தொகுதியில் ஜெயித்து ஊராட்சித் தலைவரான முருகேசனையும் கூட இருந்தவர்களையும் 1997-இல் வெட்டிக் கொன்றதை எங்கள் பிள்ளைகள் அன்றுதான் முழுதாகக் கேட்டார்கள். அதன் பிறகு அரசியல் சட்டத்தில் தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவை ஒரு பையனை எழுந்து நின்று வாசிக்க வைத்தீர்களே, அதற்குத் தனியாக நன்றி ஐயா.

கைக்குழந்தைகளை அங்கன்வாடித் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்ட இரண்டு கல்லூரித் தங்கச்சிகள் இல்லையென்றால் பாதிப் பேர் வந்தே இருக்க மாட்டோம். டீக்கடை அண்ணன், மைக் செட் தம்பி, பாய் கொடுத்த வீடுகள், எல்லோருக்கும் நன்றி.

அக்டோபர் 2 கிராம சபையில் கிழக்குத் தெரு விளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மனு கொடுக்கிறோம். அப்பத்தாதான் வாசிக்கிறார். வக்கீல் அக்கா, அன்று காலை பஸ்ஸுக்கே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
பயிற்சியில் உட்கார்ந்த பெண்கள்