பஞ்சுத் தூசியால் மூச்சிளைப்பு: நூற்பாலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனை கோரி மனு

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்,
கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 14 வருடமாக நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். முதலில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம், இப்போது பஞ்சைச் சீவும் கார்டிங். பஞ்சுப் பேலை (கட்டை)ப் பிரிக்கும்போதே தூசி கண் இமையில் வெள்ளையாகப் படிந்துவிடும். மூக்கை மூடி கர்ச்சீப் கட்டிக்கொள்வோம். ஷிப்ட் முடிந்து அவிழ்த்தால் உள்பக்கமும் பஞ்சுதான். மெஷினைச் சுத்தம் செய்ய ஏர் அடிக்கிறார்கள் பாருங்கள், அப்போது பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது.

வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் நாள் என்றாலே எனக்குப் பயம். சில மணி நேரத்தில் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போலாகிவிடும். மறுநாள் கொஞ்சம் தேவலை. ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது எல்லா நாளும் இளைப்பு. எங்கள் செக்‌ஷனில் இன்னும் 6 பேருக்கு இதே கதை. டிஸ்பென்சரியில் எல்லோர் சீட்டிலும் 'வீசிங்' (மூச்சிளைப்பு) என்று எழுதி, வாயில் உறிஞ்சும் பஃப் மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

லீவு முடிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுவது பிஸினோசிஸ் என்னும் பஞ்சுத்தூசி நோயின் அடையாளம். அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் அதுவும் ஒன்று. இழப்பீட்டுக்கான தொழில்நோய் அட்டவணையில் பிஸினோசிஸ், வேலையால் வரும் ஆஸ்துமா இரண்டுமே இருக்கின்றன. ஆனால் சீட்டில் வெறும் 'வீசிங்' என்று இருந்தால் எதை வைத்து நாங்கள் கேட்பது?

ஆகவே, புளோ ரூம், கார்டிங் ஆட்கள் எல்லோருக்கும் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும்) பரிசோதனை செய்ய உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். லீவு முடிந்த முதல் நாளில், ஷிப்டுக்கு முன்பு ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை ஊதச் சொல்லிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வேறு ஏதோ ஒரு நாளில் பார்த்தால் சரியாக இருப்பதாகக்கூட வந்துவிடலாம். அப்புறம், தூசி அளவை முன்னறிவிப்பு இல்லாமல் வந்து எடுக்க வேண்டும். ஆய்வு நாளில் மட்டும்தான் எங்கள் மில்லில் தூசியை இழுக்கும் சக்‌ஷன் முழுதாக ஓடுகிறது. ஏர் அடிப்பதை நிறுத்தி வேக்குவம் வைக்கச் சொல்லுங்கள். நோய் உறுதியானவர்களைச் சம்பளம் குறைக்காமல் தூசி இல்லாத பிரிவுக்கு மாற்றவும் ஆவன செய்ய வேண்டும்.

எங்கள் பெயர்களையும் கையொப்பங்களையும் மருத்துவச் சீட்டு நகல்களையும் தனி உறையில் வைத்திருக்கிறேன். அவை நிர்வாகத்தின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கார்டிங் பிரிவுத் தொழிலாளி