பெருங்குழல் காற்றுத் துப்பாக்கிக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். நான் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் வசிக்கிறேன். .457 அங்குலக் குழல் விட்டம் கொண்ட காற்றுத் துப்பாக்கி ஒன்றை வரைபடத்திலிருந்து தொடங்கிப் பாகம் பாகமாகச் செய்து பொருத்தி, சென்ற மாதம் லானோ வட்டாரத்துப் பண்ணை ஒன்றில் சுட்டும் பார்த்தாயிற்று. துப்பாக்கி நன்றாகச் சுடுகிறது. அதற்கான பாராட்டுகள் என் பெயருக்கே வந்துகொண்டிருப்பதால், அவற்றில் பெரும்பங்கு யார் யாருக்குச் சேர வேண்டும் என்பதை எல்லோரும் அறிய எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன். இங்குள்ள நண்பர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் அவர்கள் செய்தது என்னவென்று கோவையில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு முழுதாகத் தெரியாது. மாமா செய்தது என்னவென்று என்னைப் பாராட்டும் தமிழ் நண்பர்களுக்குத் தெரியாது. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டதால் அவரவர் தொழிலைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

ஏர் ரைஃபிள் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் கலந்துகொள்ளும் 10 மீட்டர் போட்டிதான். அந்தத் துப்பாக்கியின் குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதிலிருந்து புறப்படும் சிறு குண்டின் ஆற்றல் ஏறக்குறைய எட்டு ஜூல் அளவிலேயே இருக்கும். நாங்கள் செய்தது 11.6 மில்லிமீட்டர் குழல். அது எறியும் ஈயக் குண்டின் எடை 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். இரண்டிலும் வேலை செய்வது அழுத்தப்பட்ட காற்றுதான். ஆனால் 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு) அழுத்தம் 4.5 மில்லிமீட்டர் குண்டின் பின்புறத்தை ஏறக்குறைய 34 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும் என்றால், அதே அழுத்தம் எங்கள் குண்டை 220 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமாகத் தள்ளும். விட்டம் இரண்டரை மடங்கு கூடினால் பரப்பு ஆறரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பெருங்குழல் காற்றுத் துப்பாக்கியின் பலம் முழுவதும் இந்தப் பரப்பில்தான் இருக்கிறது. இதே விட்டத்துக் குண்டைச் சுடும் .45-70 வெடிமருந்துத் தோட்டாவில் அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ வரை போகலாம். காற்றுக்கோ கலனில் நாம் அடைத்த அழுத்தத்துக்கு மேல் ஒரு பிஎஸ்ஐகூடக் கிடைக்காது. ஆகவே கலன், வால்வு, காற்று செல்லும் துளை, குழலின் நீளம் ஆகிய ஒவ்வொன்றிலும் இழப்பைக் குறைத்தால்தான் குண்டுக்கு வேகம் வரும். எனக்கு உதவியவர்கள் ஒவ்வொருவரும் இந்த வரிசையில் ஓரிடத்தைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர்கள்.

முதல் நன்றி மாமாவுக்கு. பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் பெயர்பெற்ற கோவையில் லேத் பட்டறை நடத்தியே தலை நரைத்தவர் அவர். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழலோ 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்பதால், ஒரு பாகத்தைக்கூட அங்கே செய்யக் கூடாது என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் தந்தது பட்டறை அறிவு மட்டும்தான். இந்தத் துப்பாக்கி ஒழுகாமல் நிற்பதற்குக் காரணம் அந்த அறிவே. வால்வை மூடிவைத்திருப்பது ஒரு சிறிய ஸ்பிரிங்கும் கலனில் இருக்கும் காற்றின் அழுத்தமும். வால்வு வந்து அமரும் அரை அங்குல விட்டமுள்ள இருக்கையை 3000 பிஎஸ்ஐ அழுத்திக்கொண்டிருக்கும்போது, விசையை இழுத்ததும் வால்வை அடித்துத் திறக்க வரும் ஹேமரை (சுத்தியலை) எதிர்த்து ஏறக்குறைய 267 கிலோ எடைக்குச் சமமான விசை நிற்கிறது. இருக்கை அகலமாக இருந்தால் இந்த எதிர்ப்பு இன்னும் கூடும்; மிகக் குறுகலாக இருந்தால் ஒவ்வோர் அடியிலும் விளிம்பு நசுங்கும். எவ்வளவு அகலம் வைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மாமா மார்க்கிங் புளூ தடவிக் காட்டச் சொன்னார். வால்வின் முகத்தில் நீல மையை மெல்லிசாகப் பூசி, இருக்கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, கைபேசிக் கேமராவுக்கு அருகில் பிடித்தேன். முழு வட்டமாக விழ வேண்டிய நீலக் கோடு ஓரிடத்தில் நெல் நீளத்துக்கு வெளிறியிருந்தது. "கண்ணு, தண்ணி ஒழுகுனா கண்ணுக்குத் தெரியும். காத்து ஒழுகுனா கேஜுக்குத்தான் தெரியும். அந்த இடத்துல தலைமுடி மொத்தத்துக்குச் சந்து இருந்தாலும் அது வழி கண்டுபிடிச்சுப் போயிரும்" என்றார். அவர் சொன்ன கோணத்தில் மீண்டும் கடைந்து, மீண்டும் மை பூசி, வட்டம் எங்கும் ஒரே அகலத்தில் விழும்வரை அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. கோவையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. இப்போது கலனை நிரப்பி இரவு முழுவதும் வைத்தாலும் காலையில் கேஜ் முள் அதே கோட்டில் நிற்கிறது.

அடுத்த நன்றி, சிலிண்டர்களைச் சோதிக்கும் நிலையம் ஒன்றில் வேலை செய்யும் நண்பருக்கு. என்னைக் கேட்டால், இந்த முயற்சியில் மிக முக்கியமான மாலைப்பொழுது முதல் குண்டு சுட்ட நேரம் அன்று. கலனைத் தண்ணீரில் சோதித்த நேரம்தான். அரை லிட்டர் கொள்ளளவுள்ள கலனில் 3000 பிஎஸ்ஐ காற்றை அடைத்தால் உள்ளே ஏறக்குறைய 20,000 ஜூல் ஆற்றல் தேங்கி நிற்கும். குண்டோடு வெளியே போவது அதில் மிகச் சிறு பகுதி. மீதி முழுவதும் சுடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. தண்ணீர் அநேகமாகச் சுருங்காது. ஆகவே சோதனையில் உலோகம் விட்டுக்கொடுத்தாலும் அழுத்தம் உடனே இறங்கிவிடும், துண்டுகள் பறக்காது. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோம்-மாலி எஃகில் செய்த எங்கள் கலனை அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, நீருக்கடியில் மூழ்குவோர் சுமக்கும் ஸ்கூபா சிலிண்டர்களுக்கு உள்ள வழக்கப்படி வேலை அழுத்தத்தின் மூன்றில் ஐந்து பங்குக்கு, அதாவது 5000 பிஎஸ்ஐக்கு ஏற்றினார். கலன் எவ்வளவு விரிந்தது, அழுத்தத்தை இறக்கியபின் எவ்வளவு பழைய அளவுக்குத் திரும்பியது என்பதைத் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரைக் கொண்டு அளப்பார்கள். மொத்த விரிவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிலைத்துவிட்டால் அந்தச் சிலிண்டரைத் தள்ளிவிட வேண்டும். எங்கள் கலன் அநேகமாக முழுதும் திரும்பிவிட்டது. அப்போதும் அவர் உடனே தலையசைக்கவில்லை. இரு முனை மூடிகளின் மரைகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபிறகே தாளை என்னிடம் நீட்டினார். சட்டப்படியான முத்திரை இது அல்ல, நீ கேட்டதற்காக நான் பார்த்துச் சொன்னது மட்டுமே என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதித் தந்த அவருடைய நேர்மையை நான் மறக்க மாட்டேன்.

காற்றைக் கலனில் அடைத்து வைப்பது அன்றும் இதன் கடினமான பகுதியாகவே இருந்திருக்கிறது. 1780ஐ ஒட்டி ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கி, அக்காலத்து வெடிமருந்துத் துப்பாக்கிகள் ஒரு குண்டு போட்டு நிரப்புவதற்குள் பல குண்டுகளைச் சுடக்கூடியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற மெரிவெதர் லூயிஸ் 1803இல் தொடங்கிய பயணத்தில் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோய், மிசௌரி நதிக்கரையில் சந்தித்த பழங்குடி மக்களுக்குச் சுட்டுக் காட்டியிருக்கிறார். ஆயினும் ஜிரார்டோனியின் காற்றுக் கலன்களைச் செய்வதும் ஒழுகாமல் காப்பதும் கையால் பம்பு அடித்து நிரப்புவதும் பெரும்பாடாக இருந்ததால் படை அதைக் கைவிட்டது. கோவை மாமாவும் சோதனை நிலைய நண்பரும் அவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

குழலையும் குண்டையும் பொருத்திக் கொடுத்தவர், குழல் கடையும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்புறம் வெட்டிய வரிகள் 30 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கில் உள்ள குழலையே அவர் தேர்ந்தெடுக்கச் சொன்னார். குண்டின் விட்டத்தையும் நீளத்தையும் கொண்டு முறுக்கைக் கணிக்கும் கிரீன்ஹில் சூத்திரம் 1879ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தபோது எங்கள் குட்டையான குண்டு நிலைகுலையாமல் பறக்க இந்த முறுக்கு தாராளமாகப் போதும் என்று வந்தது. சூத்திரத்தோடு அவர் நிறுத்தவில்லை. மெத்தென்ற ஈயத் துண்டொன்றைக் குழலுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மரக்கோலால் மெதுவாகத் தள்ளச் செய்தார். எங்கே இறுகுகிறது, எங்கே வழுக்குகிறது என்பதை என் கையே உணர வேண்டும் என்பது அவர் எண்ணம். வெளியே விழுந்த துண்டில் பதிந்திருந்த வரிகளை மைக்ரோமீட்டரால் அளந்த பிறகே குண்டு வார்க்கும் தம்முடைய பழைய அச்சை எடுத்துக் கொடுத்தார். வெடிமருந்துக்கு வார்க்கும் கலப்பு ஈயம் காற்றுக்கு ஆகாது. காற்றின் மிதமான தள்ளலில் அது வரிகளை நிறைத்து அடைத்துக்கொள்ளாது. ஆகவே தூய ஈயமே வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும் என்பது அவருடைய சோதனை. 327 பாகை செல்சியஸில் உருகும் ஈயத்தைக் காற்றோட்டமான திறந்த கொட்டகையில்தான் வார்க்க வேண்டும், முடித்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று அவர் காட்டிய கண்டிப்புக்கும் சேர்த்து நன்றி.

மெஸ்கீட் மரத்தில் துப்பாக்கியின் கட்டையைச் செதுக்கித் தந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், தொலைநோக்கியைக் கடனாகத் தந்த அலுவலக நண்பருக்கும் என் வணக்கம். ஸ்கூபா கடைக்காரருக்கு இன்னும் சற்று விரிவாக நன்றி சொல்ல வேண்டும். துப்பாக்கிக் கலனுக்குக் காற்று ஏற்றும் 4500 பிஎஸ்ஐ கார்பன் இழைச் சிலிண்டரை நிரப்பக் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் சோதனைத் தேதியைப் பார்க்காமல் அவர் குழாயை மாட்டியதில்லை. உயர் அழுத்தக் காற்றோடு பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும் என்பதால், காற்று ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்கு நான் எந்தப் பசை பூசியிருக்கிறேன் என்று கேட்டு, சிலிக்கோன் பசை என்று தெரிந்த பிறகே என் துப்பாக்கியைப் பற்றி மேற்கொண்டு பேசினார்.

பண்ணை உரிமையாளர் தம் நிலத்தில் சுண்ணாம்புக்கல் மேட்டுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு மண் அணை கொட்டிக் கொடுத்தார். வெடிமருந்து இல்லாத காரணத்தால் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இதைத் தீப்படைக்கலமாகக் கருதுவதில்லை என்று பலர் அலட்சியமாக இருப்பதுண்டு. அவரோ, சட்டம் எதுவானாலும் என் நிலத்தில் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே ஒழுங்குதான் என்று சொல்லிவிட்டார். அந்த ஒழுங்கின்படியே முதல் முறை சுடும்போது யாரும் துப்பாக்கியைத் தோளில் வைக்கவில்லை. கனமான சட்டத்தில் அதை இறுக்கிக் கட்டி, எல்லோரும் கற்சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, நீளக் கயிற்றால் விசையை இழுத்தோம். முதலில் 1000 பிஎஸ்ஐ, பிறகு 2000, பிறகு 3000. ஒவ்வொரு படியிலும் கலனைத் துடைத்து, வெளிவிட்டத்தை அளந்து, சோப்பு நீர் தடவிப் பார்த்தோம். காதடைப்பான் இல்லாமல் அருகில் நிற்க முடியாத அளவுக்குச் சத்தம் வந்தது; சிறு குழல் துப்பாக்கி மட்டுமே பழகிய என் நண்பர்கள் இதை எதிர்பார்க்கவில்லை.

தோளில் வைத்துச் சுட்டபோது வேகமானி காட்டிய அளவுகளை என் மனைவி குறித்துக்கொண்டார். நிறைந்த கலனில் முதல் குண்டு வினாடிக்கு 790 அடி, இரண்டாவது 760, மூன்றாவது 715. முதல் குண்டின் ஆற்றல் 560 ஜூலைத் தாண்டுகிறது. டெக்சாஸில் 2018 முதல் மான் வேட்டைக்குக் காற்றுத் துப்பாக்கியை அனுமதிக்கும் விதி கேட்கும் 215 அடி-பவுண்டு (ஏறக்குறைய 290 ஜூல்) ஆற்றலை மூன்றாவது குண்டும் எளிதாகக் கடந்துவிடுகிறது. நான் வேட்டைக்காரன் அல்லன். ஆயினும் பண்ணைக்காரர் இந்த எண்ணைக் கேட்டதும் முகம் மலர்ந்தது எனக்கு நிறைவாக இருந்தது. மூன்று குண்டுகளோடு நிறுத்தி மீண்டும் நிரப்பினால் 50 கஜத்தில் குண்டுகள் ஓர் அங்குலத்துக்குள் அடங்குகின்றன. நான்காவதையும் அதே கலனில் சுட்டால் வேகம் குறைந்து கீழே இறங்கிவிடுகிறது. குண்டுகள் நெருங்கி விழுந்தவற்றை மட்டும் எடுத்துக் காட்டாமல், சிதறியவற்றையும் வெயிலின் அளவோடும் கலனின் அழுத்தத்தோடும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதியவர் என் மனைவி. எங்கே நிறுத்த வேண்டும் என்ற முடிவு அந்தப் பக்கத்திலிருந்துதான் கிடைத்தது. வெயிலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அந்த நோட்டை நிரப்பிய பொறுமைக்கு என்ன கைம்மாறு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவரின் அச்சை எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இந்த வாரம் அவர் வீட்டில் ஒப்படைப்பேன். சோதனை நிலைய நண்பர் கேட்டபடி ஒவ்வோர் ஆண்டும் கலனை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். மாமா, 400 கிரெய்ன் குண்டுக்கு இதே ஹேமர் ஸ்பிரிங் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் குண்டின் வேகங்களை இரண்டு வகை ஸ்பிரிங்கிலும் எடுத்து, நோட்டின் நகலையும் வால்வு வரைபடத்தையும் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நேரில் கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
தங்கள் அன்புள்ள,
சான் அன்டோனியோவிலிருந்து ஒரு காற்றுத் துப்பாக்கி ஆர்வலன்