நீல் தீவுக்கு தைப்பூசத்துக்கு மறுநாள் போனோம்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல அந்தமான் பத்தி வந்த ‘ஒரே நாளில் நீல் தீவு’ கட்டுரை படிச்சேன், போட்டோ எல்லாம் சூப்பர், ஆனா படிக்கும்போதே வயிறு எரிஞ்சுது, ஏன்னா அதே பிளானை வச்சுக்கிட்டுதான் தைப்பூசத்துக்கு மறுநாள் குடும்பத்தோட அங்க போயி நல்லா மாட்டுனோம்.

(2018ல ஷஹீத் த்வீப்னு பேரு மாத்திட்டாங்க, ஆனா ஜெட்டில ஆட்டோக்காரர்ல இருந்து எல்லாருக்கும் அது நீல்தான்.)

போர்ட் பிளேர்ல காலைல கப்பல் ஏறி, இறங்குனதும் ஏஜென்ட் போட்ட லிஸ்ட்படி பதினோரு மணிக்கு லக்ஷ்மண்பூர் பக்கம் இருக்கிற இயற்கைப் பாறைப் பாலத்துக்கு கூட்டிட்டுப் போனாங்க. அங்க குடியேறுன வங்காளிங்க அதை ஹௌரா பாலம்னு சொல்றாங்க. போனா பாலத்துக்கு அடியில அலை அடிச்சுட்டு கிடக்கு, கிட்ட போக வழியே இல்ல. கடல் உள்வாங்கினாத்தான் பாறை மேல நடந்து போய் பள்ளத்துல தேங்குன தண்ணியில நண்டு, கடல் அட்டை, குட்டி மீனெல்லாம் பாக்க முடியும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பேத்திக்கு கடல் அட்டை காட்டுறேன்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்த என் மாமனார், தூத்துக்குடிக்காரர், ஒரு நிமிஷம் தண்ணியவே பாத்துட்டு, “நேத்துதான பௌர்ணமி, இன்னிக்கு ஏத்தம் ஜாஸ்தியாத்தான் இருக்கும் மாப்ள, இதை எவன் காலைல போட்டான்”னாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. பக்கத்துல இளநி வித்த அம்மா இந்தியில ஏதோ சொல்லி, பாறையில ஈரம் படிஞ்ச கோட்டைக் காட்டி, நாலு விரலை நீட்டுனாங்க. நாலு மணிக்கு மேல வாங்கன்னு அர்த்தம். எங்களுக்கு திரும்பற கப்பல் மூணரைக்கு!

மதியம் பரத்பூர் பீச். கண்ணாடி போட்ட படகுல பவளப்பாறை பாக்கலாம்னு போனா, அதுக்குள்ள தண்ணி வத்த ஆரம்பிச்சிடுச்சு, படகை இனிமே எடுக்க மாட்டோம்னுட்டாங்க. குளிக்கலாம்னு எறங்குனா எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால் அளவுதான், காலுக்குக் கீழ பவளம் குத்துது. அதாவது காலைல பரத்பூர், சாயங்காலம் பாலம்னு மாத்திப் போட்டிருந்தா ரெண்டுமே கிடைச்சிருக்கும், கப்பலை மட்டும் மறுநாளைக்கு தள்ளணும். ஏஜென்ட்டுக்கு போன் போட்டா “எல்லா நாளும் இதே ஐட்டினரிதான் சார்”ங்கறாரு. கடல் அப்படி இல்லியே, தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளித் தள்ளித்தான ஏறி இறங்குது!

இன்னொண்ணு, உங்க கட்டுரையில ‘மாலை ஆறு மணிக்கு சூரிய அஸ்தமனம் ரசிக்கலாம்’னு போட்டிருக்கீங்க. அந்தமான் நம்ம சென்னைக்கு 12 டிகிரிக்கு மேல கிழக்க இருக்கு, ஆனா கடிகாரம் அதே கடிகாரம்தான், அதனால சூரியன் அங்க முக்கா மணி நேரம் போல முன்னாடியே இறங்கிடும். தை மாசம் அஞ்சரைக்கெல்லாம் முடிஞ்சுது, ஆறு மணிக்குப் போறவங்க டார்ச் எடுத்துட்டுத்தான் போகணும்.

அதோட செத்த பவளத்துண்டு, சங்கு எதையும் பொறுக்கிட்டு வரக்கூடாதுன்னும் ஒரு வரி போடுங்க. என் பொண்ணு பாவாடை மடிப்புல ரெண்டு வச்சிருந்தா, நல்லவேளை ஜெட்டிலயே கண்ணுல பட்டுச்சு, ஏர்போர்ட்ல பிடிச்சிருந்தா அவ்வளவுதான்.

கடல் எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு சர்வே ஆஃப் இந்தியா வருஷா வருஷம் ஓத அட்டவணை போடுது. அடுத்த தடவை தீவைப் பத்தி எழுதுறப்ப ஹோட்டல் வாடகையோட சேத்து, பௌர்ணமி அமாவாசை கிட்ட எந்த பீச்சுக்கு எப்ப போகணும்னு ஒரு சின்ன பெட்டிச் செய்தி போட்டீங்கன்னா போதும். மாமனார் அந்த கடல் அட்டைய இன்னும் விடல, அன்னிக்குன்னா காலைலயே தண்ணி வத்தியிருக்கும்னு, அடுத்த வருஷம் தேய்பிறை அஷ்டமி பாத்து டிக்கெட் போடச் சொல்லிட்டு இருக்காரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை