முறை இல்லாத துக்கம்: மலையகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் பிரதேச செயலகங்களில் வேலை செய்யும் சமூக சேவை உத்தியோகத்தர்கள், முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள், உளவளத்துணை உத்தியோகத்தர்கள், தோட்டங்களுக்கு வந்துபோகும் தொண்டு நிறுவனப் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 69. கொட்டகலைப் பக்கம் இருக்கிறேன். என்னோடு 31 வருடங்கள் ஒரே வீட்டில் வாழ்ந்தவள் 2022ஆம் ஆண்டு ஆனி மாதத்து அடைமழையில் இறந்துபோனாள். தோட்டத்து மருத்துவிச்சியாக இருந்தவள். எங்கள் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இன்று பிள்ளை குட்டியோடு இருக்கும் எத்தனையோ பேரை முதலில் தொட்டுத் தூக்கிய கை அவளுடையது. ஊரார் எங்களை "டீச்சரும் மிஸ்ஸியும்" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

அவள் சாவு வீட்டில் நான் தேத்தண்ணி ஊற்றினேன். மாத்தளையிலிருந்து அவளுடைய அண்ணன் குடும்பம் வந்திறங்கியதும் வீடு அவர்கள் கைக்குப் போய்விட்டது. நீர்மாலைக்கு யார் போவது, கோடி யார் போடுவது, வாய்க்கரிசிக்கு யார் முதலில் நிற்பது என்று பெரியவர்கள் முறை பார்த்தார்கள். எல்லா முறைக்கும் ஆள் இருந்தது. ஒரு பெரியம்மா, என் மேல் உள்ள அன்பில்தான், "டீச்சர், நீங்க அடுப்படியப் பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொண்டேன். பெட்டியைத் தூக்கும்போது என் கையில் தேத்தண்ணித் தட்டு இருந்தது. எட்டாம் நாளை மாத்தளையில் வைத்தார்கள். எனக்கும் சொல்லியனுப்பினார்கள், அறிந்தவர் தெரிந்தவர்களுக்குச் சொல்வதைப் போல.

அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

இரண்டு மாதம் கழித்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். சின்னப் பெண், நல்ல பிள்ளை. பக்கத்து வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படிவத்தைப் பிரித்ததும் முதல் கேள்வி: "இறந்தவங்க ஒங்களுக்கு என்ன முறை டீச்சர்?"

பக்கத்து வீட்டம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிநேகிதி" என்றேன். கணவன், மனைவி, பிள்ளை, சகோதரர் என்று போன அந்தப் பட்டியலில் சிநேகிதிக்கு இடமில்லை. அவர் ஒன்றும் எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போனார். கடைசியில் "தனித்து வாழும் முதியவர்" என்று எழுதி, விருப்பமென்றால் முதியோர் இல்லம் ஒன்றில் கதைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். 31 வருடம் நான் தனியாக வாழ்ந்ததாக அரசாங்கக் காகிதத்தில் பதிவாகிவிட்டது. அன்றிரவு நான் அழுத அழுகை, சாவு வீட்டில் அழாத அழுகை.

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் இந்தத் துக்கத்துக்கு ஆங்கிலத்தில் disenfranchised grief என்று ஒரு பெயர் வைத்தார். வெளியே சொல்ல முடியாதது, ஊர் ஏற்றுக்கொள்ளாதது, ஆறுதல் சொல்ல ஆள் வராதது என்று அதை விளக்கினார். உங்கள் பயிற்சிக் குறிப்புகளில் ஏதாவது கடினமான மொழிபெயர்ப்பில் அது இருக்கலாம். நான் அதை முறை இல்லாத துக்கம் என்று சொல்வேன். நம்மிடம் அழும் உரிமையைத் தருவதே முறைதான். மாமன் முறைக்காரர் கோடி கொண்டுவருவார், மகன் முறைக்காரர் கொள்ளி வைப்பார், பங்காளிக்கு இத்தனை நாள் தீட்டு என்று கணக்கு உண்டு. முறை இல்லாதவருக்குத் தீட்டும் இல்லை, லீவும் இல்லை, மரண உதவிச் சங்கத்தின் பணமும் இல்லை. "கொஞ்சம் சாப்பிடுங்க" என்று சொல்ல வரும் பக்கத்து வீட்டாரும் இல்லை.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். என்ன முறை என்று கேட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வராதீர்கள். பேரைக் கேளுங்கள்.

போன வருடம் வேறொரு காரியமாக வந்த ஓர் இளைஞரிடம்தான் இதைக் கற்றுக்கொண்டேன். சிங்களப் பிள்ளை, தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆனாலும் மொழிபெயர்க்க என்று அயலாரைக் கூப்பிடாமல் தனியாக வந்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "இவங்க பேர் என்ன டீச்சர்?" என்று கேட்டார். அக்கா, தங்கச்சி, மச்சாள் என்று பிரித்துக் கேட்கத் தமிழ் போதாமல் அப்படிக் கேட்டாரோ என்னவோ. சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பேரைச் சொல்லியே கேட்டார்: அவங்களுக்கு என்ன வருத்தம், ஆஸ்பத்திரியில் கூட இருந்தது யார், இப்போது எந்த நேரம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்னொருவர் வாயிலிருந்து அவள் பேர் என் வீட்டுக்குள் கேட்டது. ஒன்றரை மணித்தியாலம் கதைத்தேன். அவர் பேனாவைத் திறக்கவே இல்லை. எழும்பும்போது, "இதை எழுதவா, எழுதாம விடவா?" என்று கேட்டார்.

அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு எவ்வளவு பெரியது என்று விளங்க வேண்டுமானால் சட்டத்தையும் சொல்ல வேண்டும். நம் நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலாரின் உறவைக் குற்றமாக்கப் பயன்படும் 365, 365அ என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 365அ ஆண்களை மட்டுமே குறிவைத்திருந்தது. 1995இல் திருத்தம் கொண்டுவந்தபோது, அந்தப் பிரிவை எடுத்துவிடாமல், பெண்களையும் அதற்குள் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் வீடெடுத்து நான்காவது வருடம் அது. பத்திரிகையில் படித்துவிட்டு அவள் ஜன்னலுக்குத் தடித்த சீலை தைத்துப் போட்டாள். 2023 மே மாதத்தில், இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அவள் போய் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. சட்டமூலமும் பாராளுமன்றத்தைத் தாண்டவில்லை. எங்கள் வயதுக்காரர்கள் உங்கள் கோப்பைக் கண்டு பயப்படுவது இதனால்தான். அந்தக் கோப்பு செயலகத்தில் எத்தனை மேசைக்குப் போகும், தோட்டத்துத் தலைவர் காதுக்கு எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியும். உதவிக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கள். மற்றதைச் சொன்னவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன்.

மாசியில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றும் தோட்டங்களில் ரதி வேஷத்தை ஆண்களே கட்டுவது வழக்கம். இவர் பல வருடங்கள் ரதி கட்டியவர். சிவன் கண் திறந்து மன்மதன் எரிந்த பிறகு ரதி அழும் ஒப்பாரிக்கு இவர் குரலெடுத்தால் பொட்டலில் நிற்கும் சனமெல்லாம் அழும். அவருடைய கூட்டாளி தப்படிப்பவர். 1964இல் இரண்டு பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று எங்கள் சனத்தைப் பங்கு போட்டது உங்களுக்குத் தெரியும். கணக்கு குடும்பம் குடும்பமாகப் போனது. கூட்டாளி தன் தகப்பனின் விண்ணப்பத்தில் இருந்தார், இவர் தன் தகப்பனின் விண்ணப்பத்தில். எழுபதுகளில் ஒரு நாள் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி புறப்பட்டது. அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கச்சிகளும் கட்டிப்பிடித்துக் கதறிய அந்த மேடையில் இவர் கடைசிப் பெட்டிக்கு நேராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். நீலகிரிப் பக்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு இல்லை. அவர் இன்று இருக்கிறாரா, போய்விட்டாரா என்று தெரியாது.

பிற்பாடு இவருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் உண்டு. மனைவி இறந்து ஆறு வருடம். அவருக்காகவும் இவர் உண்மையாகத்தான் அழுகிறார். பார்க்க வந்த உத்தியோகத்தர் மனைவியை இழந்த துக்கம் என்று எழுதிக்கொண்டு போனார். எழுதியது பொய்யில்லை. ஆனால் மாசி பிறந்தால் இவர் சாப்பாட்டைத் தள்ளிவைப்பது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. போலின் பாஸ் என்ற ஆய்வாளர் இப்படி முடிவு தெரியாத பிரிவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். காணாமற்போனவர்களின் குடும்பங்களோடு வேலை செய்யும் உங்கள் சகபாடிகள் அதைப் படித்திருப்பார்கள். மலையகத்திலும் அது வேண்டும். பிள்ளை குட்டி இருக்கிறது என்பதற்காக ஒருவருக்கு வேறு துக்கம் இருக்காது என்று முடிவு கட்டாதீர்கள்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று உங்களில் பலருக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்த நோயாளிகளோடு கதைத்துப் பார்த்து. எங்களைப் படியேற்றிப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரோப், ஷூட் என்ற இருவர் 1999இல் எழுதியது என் அனுபவத்துக்குக் கிட்ட வருகிறது. இழப்புக்குள் மூழ்குவதும், எழும்பிப் புது வாழ்க்கைக்கான வேலைகளைப் பார்ப்பதும் மாறி மாறி வரும் என்கிறார்கள். ஒரு நாள் அவள் கம்பளிச் சட்டையைக் கட்டிக்கொண்டு கிடப்பேன். மறுநாள் அவள் மட்டுமே போய்வந்த வங்கிக்கு நான் போய் வரிசையில் நிற்பேன். இரண்டும் துக்கம்தான். வங்கிக்குக் கூட வருவதும் உங்கள் வேலையில் சேர்த்தி.

இறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியதும் இருக்கிறது. இலங்கைச் சட்டப்படி ஒருவர் தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடு. இந்த ஒரு வரியை யாராவது எங்களுக்கு நேரத்துக்குச் சொல்லியிருந்தால், அவள் பணத்தில் வாங்கிய தையல் மெஷினும் அவள் கட்டிலும் லொறியில் போயிருக்காது. லயத்தில் இருப்பவர்களுக்கு இதுவும் போதாது, காம்பரா என்கிற லயத்து அறை தோட்டத்துடையது. அதற்கு நிர்வாகத்தோடு கதைக்க உங்களைப் போன்ற ஒருவர் வேண்டும்.

திருநங்கையரான முதியவர்களிடம் அவர்களுடைய சாவைப் பற்றியே கேளுங்கள். 2016 முதல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். எத்தனை வயதானவர்களுக்கு அது தெரியும்? எனக்குத் தெரிந்த ஒருவர், தன்னை வேட்டி கட்டிப் புதைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். எந்தச் சேலை என்று எடுத்து வைத்திருக்கிறார். அதை யாரிடம் கொடுத்துவைப்பது என்றுதான் தெரியவில்லை.

என் பேரை இங்கே எழுதவில்லை, அவள் பேரையும் எழுதவில்லை. அவள் அண்ணன் பிள்ளைகள் இந்த ஊர்களில்தான் வேலை செய்கிறார்கள்.

லயத்தில் இருக்கும் ஒருவரிடம் பேரைக் கேட்கப் போகும்போது காம்பராவுக்குள் வைத்துக் கேட்காதீர்கள். பல லயங்களில் சுவர் கூரை வரை போவதில்லை, இங்கே பேசுவது மூன்று காம்பரா தள்ளிக் கேட்கும். எங்கள் வயதில் பாதிப் பேருக்குக் காதும் மந்தம், சத்தமாகத்தான் கேட்க வேண்டியிருக்கும். மழை விட்ட நேரம் பார்த்து, "வாங்க தாத்தா, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்" என்று தேயிலை மலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். மெதுவாக நடங்கள், முழங்கால் வலி இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொட்டகலை.