கைச்சுற்று அளவு

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ அம்மாவோடு போனில் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 12 வாரம் முடிந்துவிட்டது, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றாய். மனது குளிர்ந்தது. அடுத்து, "வீட்டில் யாருக்காவது பிரசவத்தில் சிக்கல் இருந்ததா என்று டாக்டர் கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன்" என்றாய். அம்மாவும், "எனக்கு என்ன, கொஞ்சம் பிரஷர் இருந்தது, எட்டாம் மாதமே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்" என்றாள்.

அம்மா மறைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ பிறந்த நாளும் அதற்கு முந்தைய நாளும் அவள் நினைவிலேயே இல்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான். அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டேன். பெண்பிள்ளைக்கு அப்பா எழுதுகிற விஷயமா இது என்று இரவெல்லாம் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். உன் டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் "இல்லை" அல்ல.

1996-ஆம் வருடம். வளைகாப்பு முடிந்து மூன்று வாரம் இருக்கும். ரவிக்கை கையில் பிடிக்கிறது என்று அம்மா கடைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ரவிக்கைக்கு நான் எப்போதும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன். ஒரு தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுக் கொடுத்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பு போடுகிறது என்று எனக்குச் சந்தோஷம். எட்டே நாளில் அதே ரவிக்கை திரும்பி வந்தது. நாடாவை எடுத்து அளந்தேன். 11 அங்குலம் இருந்த கைச்சுற்று 12½ ஆகியிருந்தது. நாடாவை எடுத்த பிறகும் அது அழுந்திய தடம் தோலில் பள்ளமாக நின்றது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். மறையவில்லை. நான் அடுத்த தையலையும் பிரித்துக் கொடுத்தேன்.

அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு, "நீர் கோத்திருக்கிறது, பார்லித் தண்ணீர் வைத்துக் கொடு, பிரசவத்தோடு வடிந்துவிடும்" என்றார்கள். கடைசியாகக் காட்டப் போன இடத்தில் எடை பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பிரஷர் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

அன்று காலையிலிருந்தே தலைவலி. தைலம் தேய்த்துவிட்டேன். மத்தியானம் வலது விலா எலும்புக்குக் கீழே வலிக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று ஓடிப்போய் கோலி சோடா வாங்கி வந்தேன். சாயங்காலம், "கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது" என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன், மூன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வலிப்பு வந்தது. யாரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள். அப்போது 108 ஆம்புலன்ஸ் எல்லாம் கிடையாது. வாடகைக் கார் பிடித்து 50 கிலோமீட்டர் போனோம். வழியில் இன்னொரு தடவை வந்தது.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பட்டையைச் சுற்ற ரவிக்கைக் கையை மேலே ஏற்றப் பார்த்தார் நர்ஸ். ஏறவில்லை. கத்தரிக்கோலால் தோள் வரை வெட்டினார். இரண்டு தடவை பிரித்து விட்டும் போதாத அந்தத் தையல் கத்தரியில் தெறித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரஷர் 180/120. இரண்டு இடுப்பிலும் ஊசி போட்டார்கள். மெக்னீசியம் சல்பேட் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வலிப்பு மறுபடி வராமல் தடுக்கிற மருந்து அது. ஒரு இளம் டாக்டர் விடிய விடிய வந்து சின்னச் சுத்தியலால் அவள் முழங்காலில் தட்டித் தட்டிப் பார்த்தார். மருந்து அளவுக்கு மீறினால் கால் துள்ளுவது முதலில் நின்றுபோகுமாம். அந்தக் கால் ஒவ்வொரு முறை துள்ளும்போதும் எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் உன்னை எடுத்தார்கள். 34 வாரம், 1 கிலோ 700 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். மூன்றாம் நாள் தெளிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எனக்குக் குழந்தை பிறந்துவிட்டதா?"

வந்தது ப்ரீ-எக்லாம்ப்சியா, கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி உடம்பைப் பாதிக்கிற நோய். அது முற்றித்தான் வலிப்பு. உலகத்தில் 100 கர்ப்பிணிகளில் 3 முதல் 8 பேருக்கு வருகிறது என்கிறார்கள். பெற்றவளுக்கு இருந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். தலைச்சன் பிரசவத்தில் இன்னும் கூடுதல். உனக்கு இரண்டும் பொருந்துகிறது. வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, தாயி. ஆனால் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இப்போதே தெரிய வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு 12 வாரத்துக்குப் பிறகு குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பதுண்டு. 16 வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். நீயாகக் கடையில் வாங்கிப் போட்டுவிடாதே. உனக்கு வேண்டுமா, எவ்வளவு என்று அவர்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே போய் நடந்ததைச் சொல். இந்தக் கடிதத்தையே எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினாலும் சரி.

கால்சியம் மாத்திரை 14 வாரத்திலிருந்து தருவார்கள். எலும்புக்கு என்று மட்டும் நினைத்து விட்டுவிடாதே, உணவில் கால்சியம் குறைவாக இருப்பவர்களுக்கு இந்த நோய் வராமல் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் வேறு வேளையில் போடு. கேழ்வரகு அனுப்பியிருக்கிறேன். வீக்கம் வந்தால் தண்ணீரைக் குறை, உப்பை அறவே நிறுத்து என்று சம்பந்தி வீட்டிலோ நம் வீட்டிலோ யார் சொன்னாலும் செய்யாதே.

மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வை. டாக்டரிடம் கொண்டுபோய் அவருடைய மெஷினோடு ஒத்துப் பார்த்துக்கொள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார், முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், பேசாதே. 140/90 தொட்டால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு. 160/110 என்றால் கூப்பிட்டுக்கொண்டு நிற்காதே, கிளம்பிவிடு. ஒவ்வொரு முறை காட்டப் போகும்போதும் பிரஷரும் சிறுநீரில் புரதமும் பார்த்தார்களா என்று நீயே கேள். கால் வீங்குவது பலருக்கும் உண்டு. முகமும் கையும் திடீரென்று ஊதினால்தான் உடனே காட்ட வேண்டும். வீக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும் என்று படித்தேன், அதனால் வீங்கவில்லையே என்று பிரஷர் பார்க்காமல் இருந்துவிடாதே. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் போதும், நடு இரவானாலும் போய்விடு. யாருக்குத் தொந்தரவு என்று பார்க்காதே. பிரசவம் ஆகிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. அதற்குப் பிறகும் ஆறு வாரம் வரை வரக்கூடும். அப்போது நம் வீட்டில்தான் இருப்பாய், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவிடமும் இன்று காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த ரவிக்கையை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள். பழைய மெஷினின் இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

பார்சலில் கேழ்வரகோடு நான்கு மேல்சட்டை இருக்கிறது. பிரஷர் பட்டையைத் துணிமேல் சுற்றினால் அளவு தப்பும். அதனால் இடது கையில் தோளிலிருந்து முழங்கை வரை தையல் போடாமல் பட்டன் வைத்திருக்கிறேன். திறந்தால் கை முழுதும் வெறுமையாகிவிடும். எட்டு, ஒன்பதாம் மாதத்துக்கும் போதும்படி உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டிருக்கிறேன். ஒரு நாடாவும் வைத்திருக்கிறேன். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி, இறுக்காமல் அளந்து, இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் அளவை எனக்குச் சொல். பிறகு வாரா வாரம் சொல். கடை நோட்டில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா