மைதானத்துப் பூட்டைத் திறந்துவிடுங்கள்

செங்கோட்டையில் எங்கள் தெருவை ஒட்டிய பள்ளியின் மேலாண்மைக் குழுவினருக்கு, வணக்கம்.

காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை பள்ளி மைதானத்தைத் திறந்துவிட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். கோடை விடுமுறையில் போட்ட பூட்டு, சாரல் தொடங்கியும் தொங்குகிறது.

எனக்கு 43 வயது. போன வருடம் எடை 84 கிலோ. சர்க்கரை வரப்போகிறது என்று டாக்டர் எச்சரித்த மறுநாள் அந்த மைதானத்துக்கு வந்தேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். மூன்றாம் மாதம் நிற்காமல் ஐந்து சுற்று ஓடியபோது காவல்கார அண்ணாச்சி கைதட்டினார். இப்போது 76 கிலோ.

ஓடினால் மட்டும் இளைத்துவிடாது, அதுவும் தெரியும். 70 கிலோ உள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 350 கலோரி போகும். பிரானூர் பார்டரில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால் அத்தனையும் திரும்பி வந்துவிடும். ராத்திரி பரோட்டாவை விட்டேன். வயிற்றுச் சதை மட்டும் தனியாகக் கரையாது என்பதால், உடம்பு இறுக வாரம் இரண்டு நாள் தோப்புக்கரணமும், சுவரில் கை ஊன்றித் தண்டாலும் எடுக்கிறேன்.

பூட்டுப் போட்டதிலிருந்து நாங்கள் ஆறு பெண்கள் புளியரை ரோட்டில் ஓடுகிறோம். கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள் அந்த நேரத்தில்தான் வரிசை கட்டும். போன செவ்வாய்க்கிழமை தூறலில், எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் கண் கூசி, பக்கத்து வீட்டு அக்கா ரோட்டோரப் பள்ளத்தில் காலை விட்டுவிட்டார். ஈரச் சரளையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் முகத்தில், லாரிக் காற்றில் அவர் துப்பட்டாவே வந்து ஒட்டியது. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அன்றோடு வருவதை நிறுத்திவிட்டார்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும், அல்லது 75 நிமிடமாவது ஓட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்கு அந்த நேரம் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால்தான் கிடைக்கும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆகவே அங்கே உட்கார்ந்திருக்கும் அக்காமாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ராத்திரியில் யாரோ குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டதால்தான் பூட்டினீர்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் இடம், கோபம் நியாயமே. சரி, சாவியை எங்களிடம் கொடுங்கள். பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம். ஓடும் முன் மைதானத்தைப் பார்த்து, கண்ணாடி கிடந்தால் பொறுக்குகிறோம். ஆறரைக்குப் பூட்டி அண்ணாச்சி கையில் சேர்த்துவிடுகிறோம்.

வெள்ளிக்கிழமை கூட்டம் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் ஐந்து பேரும் வருகிறோம். அக்காவை ஆட்டோவில் கூட்டிவருகிறோம்.